பல் கம்பியும் பனியன் கம்பெனியும்!

நட்டு போல்ட்டு – வாரம் ஒரு மெஷின்

இந்தப் பக்கத்துல இதுவரைக்கும் கிளட்ச், கிரைண்டர், லிஃப்ட்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் பிரிச்சுப் போட்டுப் பார்த்தாச்சு. இந்த வாரம் மாட்டியிருக்கிறது கொஞ்சம் சின்ன அயிட்டம். ஒரு பைப்பு, அதுக்குள்ள ஒரு ராடு, சில மாடல்ல மேல ஒரு ஸ்பிரிங். மொத்தமே சுண்டுவிரல் நீளம்கூட வராது. இதை மாட்டுற இடம்... வாய்!

'பல் கம்பிதானே, எங்க கிளாஸ்லயே நாலு பேர் போட்டிருக்காங்க'ன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க பாஸ். நான் சொல்றது அந்தக் கம்பி இல்லை. வளர்ற பசங்களுக்கு, கீழ்த்தாடையை முன்னால தள்ளி நிறுத்தறதுக்காக மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவுல மாட்டுற மெஷின். கழட்ட முடியாது. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் பரீட்சை எழுதும்போதும் அது உள்ளதான் இருக்கும்.

ஸ்கூல் படிக்கும்போது ஒவ்வொரு கிளாஸ்லயும் ஒரு 'தேங்காய்த் துருவி' இருந்திருப்பாங்க. பேர் வெச்சது யாருன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. பேர் வாங்கினவங்களுக்கு மட்டும் கல்யாணம் ஆகிப் பேரன் எடுத்தாலும் ஞாபகம் இருக்கும். எத்துப்பல், தூக்குப்பல்னு நாம பல்லைத் திட்டுறோம். ஆனா நிறையப் பேருக்குப் பல்லு மேல தப்பே இல்லை. மேசை டிராயர் உள்ள போய் மாட்டிக்கிச்சுன்னா மேல்பலகை நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி தெரியுமே, அது மாதிரிதான். மேல்பல்லு இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. கீழ்த்தாடை பின்னாடி நின்னுபோச்சு.

எட்வர்ட் ஆங்கிள்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1899-ல இதையெல்லாம் மூணு வகுப்பாப் பிரிச்சு வெச்சார். கடைவாய்ப் பல்லு மேலயும் கீழயும் எப்படிப் பொருந்துதுங்கிறதுதான் கணக்கு. கீழ்ப்பல்லு பின்னால தங்கிட்டா கிளாஸ் டூ. (பர்ஸ்ட் கிளாஸ் வாங்கறது நமக்கு எங்கதான் ஈஸியா இருந்திருக்கு?) மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவுல முன்பின்னா 2, 3 மி.மீ. இடைவெளி இருந்தா நார்மல். அதைத் தாண்டினா விளையாடும்போது விழுந்து முன்பல்லு உடையற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகுதுன்னு ஆராய்ச்சிகள் சொல்லுது. ஆக, இது அழகு மேட்டர் மட்டும் இல்லை.

சரி, மெஷினுக்கு வருவோம்.

இதோட தாத்தா பேரு ஹெர்ப்ஸ்ட். ஜெர்மனியைச் சேர்ந்த எமில் ஹெர்ப்ஸ்ட்ங்கிற பல் டாக்டர் 1909-ல பெர்லின்ல நடந்த சர்வதேச மாநாட்டுல இதைக் காட்டினார். மேல் கடைவாய்ப் பல்லுல ஒரு பைப்பு, கீழ் வரிசையில ஒரு ராடு. ராடு பைப்புக்குள்ள போகும், வரும். ஆனா ஒரு அளவுக்கு மேல உள்ள போகாது. அதனால வாயை மூடணும்னா கீழ்த்தாடையை முன்னால கொண்டு வந்துதான் மூட முடியும். வேற வழியே கிடையாது. பைக் ஃபோர்க் மாதிரி இருக்கும், ஆனா உள்ள ஸ்பிரிங்கும் இல்லை, ஆயிலும் இல்லை. மெக்கானிக்கல் பசங்க பார்த்தா, 'இவ்வளவுதானா'ம்பாங்க. இவ்வளவேதான். ஹெர்ப்ஸ்ட் 1934-ல இதைப் பத்திக் கட்டுரைகள் எழுதினார். அதுக்கப்புறம் உலகம் இதைச் சுத்தமா மறந்துடுச்சு. ஸ்வீடன்ல ஹான்ஸ் பான்செர்ஸ்ங்கிற டாக்டர் 1979-ல தூசு தட்டி எடுத்து, எக்ஸ்ரே அளவுகளோட எழுதின பிறகுதான் மறுஜென்மம். நாற்பத்தஞ்சு வருஷம் ஒரு நல்ல டிசைன் பரண்ல கிடந்திருக்கு. நம்ம செமினார் ரிப்போர்ட்டெல்லாம் லைப்ரரியில கிடக்கிறதைப் பத்திக் கவலைப்படாதீங்க!

ஹெர்ப்ஸ்ட் முரட்டு ஆள். வளைஞ்சு கொடுக்கவே கொடுக்காது. வாயை இடமும் வலமும் அசைக்கக் கஷ்டம். பல்லைச் சுத்தி மாட்டுற பட்டையையோ, மேல போடுற உலோகக் கவசத்தையோ லேப்ல அளவெடுத்துச் செஞ்சு வாங்கணும். 'கொஞ்சம் வளைஞ்சு கொடுத்தா என்ன'ன்னு யோசிச்சு 1980-கள்ல ஜேம்ஸ் ஜாஸ்பர்ங்கிற அமெரிக்க டாக்டர் கொண்டு வந்ததுதான் ஜாஸ்பர் ஜம்ப்பர். ராடுக்குப் பதிலா பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங். வாய்க்கு சுகம். ஆனா ஸ்பிரிங் அடிக்கடி உடைஞ்சுது. ஏன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? மூணாவது செமஸ்டர் மெட்டீரியல்ஸ் பேப்பர்ல ஃபெட்டீக்னு ஒரு சேப்டர் வருமே. சின்ன லோடுதான், ஆனா ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல அழுத்தி அழுத்தி விட்டா எந்த ஸ்பிரிங்கும் ஒரு நாள் கையை விரிச்சிடும். வாயை விட மோசமான டெஸ்ட்டிங் மெஷின் உலகத்துலயே கிடையாது. ஈரம், சூடு, ரசம், ஐஸ்க்ரீம், அதுக்கு மேல ராத்திரி பல்லைக் கடிக்கிற பழக்கம் வேற.

அதுக்குப் பதிலாத்தான் 2000-க்கு அப்புறம் ஃபோர்ஸஸ்ங்கிற கருவி வந்துச்சு. ராடும் உண்டு, அதுக்கு மேல சுருள் ஸ்பிரிங்கும் உண்டு. ஃபெட்டீக்கைத் தாங்கும்ங்கிறதைப் பேரோடவே சேர்த்து வெச்சுட்டாங்க. ஸ்பிரிங் முழுசா அமுங்கினா சுமார் 200 கிராம் விசை. ஒரு டம்ளர் தண்ணி வெயிட்டுன்னு வெச்சுக்கங்க. இதுல முக்கியமான விஷயம், இதுக்கு லேப் வேலை இல்லை. சாதாரணப் பல் கம்பி போட்டு, பல்லெல்லாம் வரிசைக்கு வந்த பிறகு, கனமான கம்பியில இதைக் கொக்கி மாதிரி மாட்டிடலாம். பாகங்கள் ரெடிமேடா டப்பாவுல வருது. ஒரு பாகம் போச்சுன்னா அதை மட்டும் மாத்திக்கலாம்.

ஒரு சின்ன கிளைக்கதை. பல் கம்பியில ஆரம்பத்துல போடுற மெல்லிசான வளையற கம்பி நிக்கல் டைட்டானியம். 1960 வாக்குல அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்துல கண்டுபிடிச்ச உலோகக் கலவை. பேரு நிட்டினால். 'நிட்'டுன்னு ஆரம்பிக்குதேன்னு திருப்பூர்க்காரங்க சந்தோஷப்பட வேண்டாம், நம்ம நிட்டிங்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

இந்த ரெண்டு வகைக்கும் எதிர்க்கட்சி ஒண்ணு இருக்கு. கழட்டி மாட்டுற கருவி. அதுல ஸ்டார் 'ட்வின் பிளாக்'. ஸ்காட்லாந்துல வில்லியம் கிளார்க் 1977-ல உருவாக்கினார். மேலுக்கு ஒரு அக்ரிலிக் தட்டு, கீழுக்கு ஒண்ணு. ரெண்டுலயும் சரிவா ஒரு மேடு. வாயை மூடினா சரிவுல சறுக்கி கீழ்த்தாடை முன்னால வரும். அருமையான ஐடியா. சாப்பிடும்போதுகூடப் போட்டிருக்கணும்ங்கிறதுதான் கண்டிஷன். ஆனா வாய்க்குள்ள இருந்தாத்தானே வேலை செய்யும்? பசங்களுக்கு அது பென்சில் பாக்ஸ்ல இருக்கும், டிபன் பாக்ஸ் மூடியில இருக்கும், கர்சீப்புல சுத்தித் துவைக்கப் போட்டிருக்கும். 2017-லிருந்து கம்பியே இல்லாத கண்ணாடி மாதிரி அலைனர்லயும் தாடையை முன்னால தள்ளுற மாடல் வந்திருக்கு. அதுவும் கழட்டுறதுதான். அதனால அதே பிரச்னைதான், விலை மட்டும் வேற.

எது ஜெயிக்கும்? 2003-ல இங்கிலாந்துல கெவின் ஓ'பிரையன் தலைமையில ஒரு டீம் இந்தப் போட்டியை முறையா நடத்தினாங்க. 11-லிருந்து 14 வயசு வரைக்கும் 215 பசங்க. சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி பாதிப் பேருக்கு ஹெர்ப்ஸ்ட், பாதிப் பேருக்கு ட்வின் பிளாக். ட்வின் பிளாக் பசங்கள்ல 33.6 சதவீதம் பேர் பாதியிலயே கைவிட்டுட்டாங்க. அதாவது மூணுல ஒருத்தர். ஹெர்ப்ஸ்ட்ல 12.9 சதவீதம். எட்டுல ஒருத்தர். பலன்ல, மொத்த மாசக் கணக்குல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா ஹெர்ப்ஸ்ட் அடிக்கடி உடைஞ்சதால ரிப்பேருக்குன்னு கூடுதலா ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருந்துச்சு.

இந்தக் கடைசி வரி இருக்கே, அதைப் படிக்கும்போது எனக்கு அது பெருசாத் தெரியலை. எங்க சித்தி கூட கிளினிக்ல உட்கார்ந்தப்போதான் இந்த மொத்த சப்ஜெக்ட்டும் அந்த ஒரு வரியிலதான் இருக்குன்னு புரிஞ்சுது.

சித்தி பனியன் கம்பெனியில செக்கிங். சித்தப்பா வேற ஒரு கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். ரெண்டு பேருக்கும் ஒன்றரை ஷிப்ட். வெளியூர்க்காரங்களுக்காக: காலையில எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரைக்கு வெளிய வர்றதுதான் திருப்பூர்ல ஒன்றரை ஷிப்ட். சம்பளம் சனிக்கிழமை. வராத ஷிப்ட்டுக்குக் காசு இல்லை. அவங்க பொண்ணு, என் தங்கச்சி, ஏழாவது படிக்கிறா. பன்னெண்டு வயசு. முன்பல்லு இடைவெளி 8 மி.மீ. போட்டோ எடுத்தா வாயை மூடிக்குவா. ஸ்கூல்ல என்ன பேருன்னு கேட்டேன், சொல்லலை.

"நீ இன்ஜினீயருக்குத்தான படிக்கற, நீயும் வா கண்ணு, எது நல்லா உழைக்கும்னு பார்த்துச் சொல்லு"ன்னு சித்தி கூட்டிட்டுப் போயிட்டாங்க. மிக்ஸி வாங்கப் போற மாதிரி.

டாக்டர் பொறுமையா சொன்னார். முதல்ல தங்கச்சியைக் கீழ்த்தாடையை முன்னால கொண்டு வந்து கடிக்கச் சொல்லிப் பக்கவாட்டுல பார்த்தார். முகம் உடனே எடுப்பா மாறுச்சு. அப்படி மாறினா பிரச்னை மேல இல்லை, கீழ்த்தாடையிலன்னு அர்த்தமாம். காசு செலவில்லாத டெஸ்ட். அப்புறம் பக்கவாட்டு எக்ஸ்ரே. அதுல தாடையை மட்டும் பார்க்கிறதில்லை, கழுத்தெலும்பையும் பார்க்கிறாங்க. கழுத்தெலும்போட வடிவத்தை வெச்சு, பொண்ணு இன்னும் வளர்ற வேகத்துல இருக்காளா, வளர்ந்து முடிக்கப் போறாளான்னு சொல்லிடலாம். சில இடத்துல கை மணிக்கட்டு எக்ஸ்ரே எடுப்பாங்க, விஷயம் ஒண்ணுதான். பொண்ணுங்களுக்கு இந்த வேகம் பையன்களை விட ரெண்டு வருஷம் முன்னாடியே வந்து முன்னாடியே போயிடும். பன்னெண்டு வயசுப் பையனுக்கு டைம் இருக்கலாம், பன்னெண்டு வயசுப் பொண்ணுக்கு பஸ் கிளம்பிட்டு இருக்கலாம். தங்கச்சிக்கு இன்னும் இருக்குன்னார்.

'இந்த ஸ்பிரிங் தாடையை எத்தனை மில்லிமீட்டர் வளர வைக்கும்?'னு நான் இன்ஜினீயர் கெத்துல கேட்டேன். நேர்மையான பதில் வந்துச்சு. கிடைக்கிற முன்னேற்றத்துல பெரும்பங்கு பல்லு நகர்றதால வர்றதுதான். மேல்பல்லு கொஞ்சம் பின்னால போகும், கீழ்ப்பல்லு கொஞ்சம் முன்னால சாயும். தாடை எலும்புல கூடுதலா வர்றது ஓரிரு மி.மீ. அளவுதான், பல வருஷம் கழிச்சுப் பார்த்தா அதுவும் குறைஞ்சு தெரியும். அப்புறம் எதுக்கு வளர்ற வயசு? கீழ்த்தாடை தானாவே முன்னால வளர்ந்துட்டு இருக்கும்போது மேல் வரிசையைப் பிடிச்சு நிறுத்தினா, வளர்ச்சியே பாதி வேலையைச் செஞ்சு கொடுத்துடும். வளர்ச்சி நின்னுட்டா முழு வேலையும் பல்லு தலையில. 'தாடையை வளர்த்துக் காட்டுறோம்'னு போர்டு வெச்சிருக்கிற இடத்தைப் பார்த்தா இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

நான் மில்லிமீட்டர் பேசிட்டு இருக்கேன். சித்தி கேட்டது ஒரே கேள்வி.

"ஏனுங் டாக்டர், எத்தனை தடவைங்க வரோணும்?"

நாலு வாரத்துக்கு ஒரு தடவை. முழு சிகிச்சையும் ரெண்டு வருஷம்னு வெச்சா சுமார் 25 தடவை. உடைஞ்சா அது தனி. சித்தி விரல் விட்டு எண்ணினாங்க. கிளினிக்குக்குப் போக, வர, காத்திருக்க... அரை ஷிப்ட் போச்சு. 25 அரை ஷிப்ட். ஆர்டர் அவசரத்துல கம்பெனியில லீவு கேட்டா சூப்பர்வைசர் என்ன சொல்வாருங்கிறதை அந்தக் கணக்குல சேர்க்கலை.

'அப்போ கழட்டி மாட்டுறதை வாங்கிக்கலாமா, அதுக்கு இவ்வளவு தடவை வர வேண்டாமே'ன்னு பேச்சு வந்துச்சு. தங்கச்சி நாலரைக்கு ஸ்கூல் விட்டு வருவா. எட்டரை, ஒன்பது வரைக்கும் வீட்ல யாரும் இல்லை. அந்த நாலு மணி நேரம் அது வாயில இருக்கா, டி.வி. மேல இருக்கான்னு யார் பார்க்கிறது? கருவிக்குள்ள சென்சார் வெச்சு அளந்து பார்த்த ஆராய்ச்சிகள்லகூட, பசங்க போட்டிருந்ததா சொல்ற நேரத்துக்கும் நிஜமாப் போட்டிருந்த நேரத்துக்கும் நல்ல இடைவெளி இருந்திருக்கு. வெளிநாட்டுப் பசங்களே அப்படி!

அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. பாடப் புத்தகத்துல நிரந்தரமா ஒட்டுற கருவியோட பெரிய பிளஸ்னு போட்டிருக்கிறது, 'குழந்தையோட ஒத்துழைப்பு தேவையில்லை'. உண்மைதான். ஆனா அந்த ஒத்துழைப்பு எங்கேயும் காணாமப் போகலை, கை மாறியிருக்கு, அவ்வளவுதான். கழட்டுற கருவின்னா வீட்டுல உட்கார்ந்து பார்த்துக்க ஒரு ஆள் வேணும். ஒட்டுற கருவின்னா மாசாமாசம் கூட்டிட்டு வர ஒரு ஆள் வேணும். ஒன்றரை ஷிப்ட் வீட்டுல இந்த ரெண்டு ஆளுமே இல்லை.

இது சும்மா விடற சமாசாரம் இல்லை. எங்க லைன் வீட்டுல நாலாவது வீட்டுல ஒரு பையன் இருந்தான். தேனிப் பக்கத்துலேருந்து பிழைக்க வந்த குடும்பம். பல் கம்பியும் ஸ்பிரிங்கும் மாட்டி அஞ்சாறு மாசம் ஆயிருக்கும். ஆர்டர் குறைஞ்சு வேலை இல்லாமப் போக, குடும்பம் ஊருக்கே திரும்பிடுச்சு. அங்க போய் ரெண்டு டாக்டர்கிட்ட காட்டியிருக்காங்க. வேற ஒருத்தர் பாதியில விட்ட கேஸை எடுத்துக்க யாரும் தயாரா இல்லை. எட்டு மாசம் கவனிப்பாரில்லாம வாய்க்குள்ள கம்பி. ஒரு பக்கம் ஸ்பிரிங் உடைஞ்சு கன்னத்தைக் குத்த, அவங்கப்பா கட்டிங் பிளேயரால வெட்டி எடுத்திருக்கார். பொங்கலுக்கு வந்தப்போ பார்த்தேன். ஒட்டியிருந்த இடத்தைச் சுத்தி எல்லாப் பல்லுலயும் வெள்ளைத் திட்டு. சொத்தைக்கு முதல் படி அது. பல்லு நேராகணும்னு போனவனுக்குப் பல்லே போற நிலைமை. ஒட்டின கருவியை ஒட்டினபடியே விட்டுட்டுப் போகக் கூடாது மக்களே. தொடர முடியாதுன்னா, குறைஞ்சபட்சம் டாக்டர்கிட்ட போய் முறையாக் கழட்டிட்டாவது போகணும். எக்ஸ்ரே, அச்சு, சிகிச்சைக் குறிப்பு எல்லாத்தையும் கேட்டு வாங்கிக்கணும். இடம் மாறி மாறி வேலை பார்க்கிற ஊர்ல இதை முதல் நாளே பேசிக்கிறது நல்லது.

கடைசியா என்ன முடிவாச்சு? ஹெர்ப்ஸ்ட் வேண்டாம்னு முடிவு பண்ணினோம். கெட்டதுங்கிறதால இல்லை. உடைஞ்சா திரும்ப லேப்புக்குப் போகணும், அது வர்ற வரைக்கும் இன்னொரு தடவை, இன்னொரு அரை ஷிப்ட். தங்கச்சிக்குப் பல்லும் வரிசை தப்பித்தான் இருக்கு, எப்படியும் கம்பி போடணும். அதனால முதல்ல கம்பி, சில மாசம் கழிச்சு அதுலயே ஸ்பிரிங் கருவி. ஸ்பிரிங் மட்டும் ஆறு மாசம் போல இருக்கும். உடைஞ்சா கிளினிக்ல இருக்கிற டப்பாவுலேருந்தே எடுத்து மாத்திடலாம். என் கணக்குல, ஒரு மெஷினோட தரத்துல பாதி அதோட ஸ்பேர் பார்ட்ஸ்தான். எங்க ஊர்ல மூலைக்கு மூலை தையல் மெஷின் மெக்கானிக் இருக்கிறதாலதான் பவர் டேபிள்லாம் ஓடுது.

கூட்டிட்டுப் போற ஆள்? அது நான். முதல் நாளும் பெரிய முடிவு எடுக்கிற நாளும் சித்தி வருவாங்க. மத்த மாசமெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் நானும் தங்கச்சியும். காலேஜ் படிக்கிற நமக்கு இல்லாத ஒண்ணு காசு, இருக்கிற ஒண்ணு சனிக்கிழமை. உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ இந்த மாதிரி ஒரு ஏழாவது, எட்டாவது இருந்தா, உங்க டூ வீலர் பின் சீட்டு அவங்களுக்கு எவ்வளவு பெரிய உதவின்னு யோசிச்சுப் பாருங்க.

காசு பத்தியும் சொல்லிடறேன். தனியார் கிளினிக்ல ஆயிரங்கள் நிறையவே ஆகும், தவணையில கட்ட விடுவாங்க. அரசு பல் மருத்துவக் கல்லூரின்னா சென்னை, சிதம்பரம், 2023-ல திறந்த புதுக்கோட்டை. மூணுமே திருப்பூர்லேருந்து மாசாமாசம் போய்வர்ற தூரம் இல்லை. பக்கத்துல கோவை, திருச்செங்கோடு பக்கம் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. அங்க பெரும்பாலும் கட்டணம் குறைவு. எம்.டி.எஸ். படிக்கிற டாக்டர்கள், பேராசிரியர் மேற்பார்வையில பார்ப்பாங்க. அந்தப் படிப்பு மூணு வருஷம். நம்ம கேஸை எடுக்கிறவர் கடைசி வருஷத்துல இருந்தா, நடுவுல அவர் பாஸாகிப் போய் ஜூனியர் கைக்கு மாறும். அதனால 'நீங்க எத்தனாவது வருஷம் டாக்டர்?'னு சிரிச்ச முகத்தோட கேட்டு வெச்சுக்கலாம். ஆனா கோவைக்குப் போனா அரை ஷிப்ட் முழு ஷிப்ட் ஆயிடும்ங்கிறதையும் கணக்குல வெச்சுக்கணும். கிளினிக்கோ கல்லூரியோ, பார்க்கிறவர் பல் சீரமைப்புல எம்.டி.எஸ். முடிச்சவரா, இல்ல அப்படிப்பட்டவரோட மேற்பார்வையில பார்க்கிறவரான்னு கேட்கிறதுல தப்பே இல்லை.

அவசரப்படவும் வேண்டாம். எட்டு வயசுலயே 'உடனே மாட்டணும்'னு பயமுறுத்தினா நிதானமா இருங்க. 2013-ல வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்புல (எழுதினவங்க பட்டியல்ல முதல் பேரு பத்ரி திருவேங்கடாச்சாரி, காலரைத் தூக்கி விட்டுக்கங்க) இதைப் பத்தித் தெளிவா இருக்கு. சின்ன வயசுல ஒரு தடவை, வளர்ந்த பிறகு ஒரு தடவைன்னு ரெண்டு கட்டமாப் பண்றதுல, முன்பல்லு அடிபடுறது குறையுதுங்கிறதைத் தவிர வேற லாபம் எதுவும் தெரியலை. வால் முளைச்ச பிள்ளை, தினம் விழுந்து எழுந்து வருதுன்னா அது ஒண்ணே பெரிய லாபம்தான். மத்தவங்க பதினொண்ணு, பன்னெண்டு வரைக்கும் காத்திருக்கலாம்.

குறுக்குக் கடின்னு இன்னொண்ணு இருக்கு. மேல் வரிசை குறுகி, பக்கவாட்டுப் பல்லு உள்பக்கமாக் கடிக்கும். அதுக்கு மேலண்ணத்துல ஒட்டுற 'குவாட் ஹீலிக்ஸ்'ங்கிற ஸ்பிரிங் உண்டு. ஸ்வீடன்ல 2008-ல வெளியான ஒப்பீட்டுல ஒட்டின ஸ்பிரிங் எல்லாக் குழந்தைக்கும் சரி பண்ணிடுச்சு, கழட்டுற தட்டு மூணுல ரெண்டு பேருக்குத்தான். கதை அங்கேயும் அதேதான். கீழ்த்தாடை முன்னால துருத்திட்டு இருக்கிற கேஸ் இதுக்கு நேர் எதிர், அதுக்கு முகத்துக்கு வெளிய மாட்டுற கருவி, அதை இன்னும் சின்ன வயசுலயே ஆரம்பிக்கணும். அதுக்குள்ள போனா இந்தப் பக்கம் பத்தாது.

நம்ம வயசுக்காரங்க 'எனக்கு மாட்டலாமா'ன்னு கேட்பீங்க. மாட்டலாம், ஆனா பல்லுதான் நகரும். எலும்பு வளர்ச்சியோட உதவி நமக்குக் கிடைக்காது. ரெண்டு பல்லை எடுத்துட்டு கம்பி போட்டுச் சமாளிக்கலாம், ரொம்ப அதிகமா இருந்தா தாடை ஆபரேஷன். ரெண்டுமே டாக்டர்கிட்ட நிதானமா உட்கார்ந்து பேச வேண்டியது.

கூட்டிட்டுப் போறவங்க பையில இருக்க வேண்டியது: பல் கம்பிக்குன்னு விக்கிற மெழுகு ஒரு டப்பா, சந்துல போற சின்ன பிரஷ், கிளினிக் போன் நம்பர். முதல் வாரம் கன்னத்துல உரசும், மெழுகை உருட்டி அந்த இடத்துல ஒட்டிடுங்க. முறுக்கு, கரும்பு, கடலை மிட்டாய் மூணுக்கும் தற்காலிகத் தடை. மாங்காயைக் கடிக்காம சீவித் தரலாம். பெருசாக் கொட்டாவி விட்டு ராடு பைப்பை விட்டு வெளிய வந்துடுச்சுன்னா பதற வேண்டாம். வாயை நல்லா அகலமாத் திறக்கச் சொல்லி, ராடு நுனியைப் பைப்புக்கு நேரா வெச்சு, மெல்ல மூடச் சொன்னா உள்ள போயிடும். போகலைன்னா இழுத்துப் பார்க்காதீங்க, போன் பண்ணுங்க. கட்டிங் பிளேயர் டூல் பாக்ஸ்லயே இருக்கட்டும்.

அடுத்த வாரம்: டவுன் பஸ் ஏர் பிரேக் 'புஸ்'ஸுங்கிற சத்தம் எங்கிருந்து வருது?